அடுக்களைப் புகையின் வரலாறு

1

கொட்டியாரக் குடாவின் கரையில், மூதூருக்கு அண்மையில், 1660ஆம் ஆண்டு கண்டியரசனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டவன் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில மாலுமி. பத்தொன்பது ஆண்டுகள் கண்டிநாட்டிற் சிறையிருந்து, 1679இல் தப்பிச் சென்று, 1681இல் இலண்டனில் அவன் வெளியிட்ட நூலை இலங்கை வரலாறு கற்போர் யாவரும் அறிவர். அரசனைப் பற்றியும் அவனது கொடுமைகள் பற்றியும் நொக்ஸ் எழுதியவற்றை மேற்கோள் காட்டாத ஆசிரியர் இல்லை. ஆனால், மக்களின் வீடுகளைப் பற்றி அவன் எழுதிய சில வரிகள் எவருடைய கவனத்தையும் பெரிதாக ஈர்த்ததில்லை. சாதாரண மக்களின் வீடுகள் சிறியவை, தாழ்ந்தவை, கம்பு நட்டு மண் பூசியவை, ஓலையோ வைக்கோலோ வேய்ந்தவை என்கிறான் அவன். ஓடு வேயவும் சுவருக்குச் சுண்ணாம்பு பூசவும் அவர்களுக்கு அனுமதி இல்லை. புகைபோக்கி என்பதே கிடையாது. வீட்டின் ஒரு மூலையில் அடுப்பு மூட்டப்படுகிறது. அதனாற் கூரை முழுவதும் புகையேறிக் கறுத்திருக்கிறது.

நொக்ஸ் கண்டது மலைநாட்டு வீடுகளை. ஆயினும் அந்தக் கறுத்த கூரை திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களுக்கும் புதிதன்று. ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. அரசர்கள் போயினர், ஒல்லாந்தர் வந்து போயினர், பிரித்தானியர் வந்து போயினர். கிடுகுக் கொட்டிலின் கூரையிற் படிந்த கரி மட்டும் போகவில்லை.

வரலாறு என்பது கோட்டைகளின் வரலாறாகவும் கப்பற்படைகளின் வரலாறாகவுமே எமது மாணவருக்குக் கற்பிக்கப்படுகின்றது. திருகோணமலை என்றதும் பிரெட்றிக் கோட்டையும், உலகப் புகழ்பெற்ற இயற்கைத் துறைமுகமும், 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் வீசிய குண்டுகளும் நினைவுக்கு வருகின்றன. அத்துறைமுகத்தின் கரையில் வாழ்ந்த மக்கள் தம் வீட்டினுள்ளே எவ்வகைக் காற்றைச் சுவாசித்தனர் என்ற கேள்வி ஒரு வரலாற்றுக் கேள்வியாக எழுப்பப்படுவதில்லை. ஆனால், மனிதன் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை வீட்டுக்குள்ளேயே கழிக்கின்றான். பெண்ணும் கைக்குழந்தையும் இன்னும் கூடுதலாக. அவர்கள் உட்கொள்ளும் காற்று எப்படிப்பட்டது என்பதை, அவர்களுடைய கூரை, அவர்களுடைய விறகு, அவர்களுடைய கூலி ஆகியவையே தீர்மானிக்கின்றன. ஆகவே அது சமுதாய வரலாற்றின் ஒரு பகுதியாகும்.

2

பழந்தமிழ் இலக்கியத்தில் இருவகைப் புகைகள் உண்டு. ஒன்று, செல்வர் மாளிகையின் அகிற்புகை. நெடுநல்வாடை காட்டும் நகரிற் குளிர்காலம் வந்ததும் வாடைக்கு அஞ்சிச் சாளரங்கள் சாத்தப்படுகின்றன. நெருப்புச் சட்டிகளைச் சுற்றி மக்கள் குளிர்காய்கின்றனர். மகளிர் கூந்தலுக்கு அகில் புகைக்கப்படுகின்றது. மற்றது, அடுப்படியில் நிற்பவளின் கண்ணை நிறைக்கும் புகை. குறுந்தொகையின் 167ஆம் பாட்டிற் கூடலூர் கிழார் ஓர் இளம் மனைவியைக் காட்டுகின்றார். தயிர் பிசைந்த விரலை உடையிலே துடைத்தபடி, தாளிப்பின் புகை கண்ணிற் படிய, அவள் தானே துழாவிச் சமைத்ததைக் கணவன் இனிது என்று உண்கின்றான். அவள் முகம் நுட்பமாக மலர்கின்றது.

இப்பாட்டின் அழகை நாம் மறுக்கவில்லை. சங்கச் செய்யுட்களுள் இல்லறத்தை இவ்வளவு சுருங்கச் சொன்னவை சிலவே. ஆயினும் இரண்டாயிரம் ஆண்டுகளாக உரைகாரரும் ஆசிரியரும் கணவனின் ஒரு சொல்லையும் மனைவியின் முகமலர்ச்சியையும் வியந்தனரேயன்றி, அந்தக் கண்ணிற் படிந்த புகையைப் பற்றிப் பேசினாரில்லை. புகை அங்கே அன்பின் அணிகலன் ஆகிவிட்டது. பெண்ணின் துன்பம் அவளது பெருமையாக மாற்றப்பட்டுவிட்டது. இந்த மாற்றமே பின்னர், ‘அடுப்பென்றாற் புகை இருக்கத்தானே செய்யும்’ என்ற ஊர் வழக்காக எம் வீடுகளிற் குடியேறிற்று.

சொற்களும் ஒரு வரலாற்றைச் சொல்கின்றன. காற்று வரும் வழியைக் குறிக்கத் தமிழிற் ‘காலதர்’ என்றோர் அருமையான சொல் இருந்தது. ‘கால்’ என்பது காற்று; ‘அதர்’ என்பது வழி. சிலப்பதிகாரம் புகார் நகரத்து மாளிகைகளுக்கு மான்கண் வடிவிலே அமைந்த காலதர்களைக் காட்டுகின்றது. ஆனால் இன்று எம் பேச்சில் வழங்குவது யன்னல். சமையலறையை எம்மவர் பலர் குசினி என்பர்; வீட்டின் முன்புறத்தை விறாந்தை என்பர். இம்மூன்றும் போர்த்துக்கேய மொழி வழியே வந்தவை. 1620களிற் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பியவர்களின் மொழி, எமது வீட்டின் யன்னலிலும் அடுப்படியிலும் இன்றும் வாழ்கின்றது. ஆனால் யன்னல் என்ற சொல் கிடைத்த அளவுக்கு யன்னல் என்ற பொருள் எளியவனுக்குக் கிடைக்கவில்லை. கல்வீட்டுக்கே யன்னல், கொட்டிலுக்குக் கதவு ஒன்றே வழி.

இவ்விடத்து ஒன்றை நேர்மையுடன் சொல்ல வேண்டும். அடுப்புப் புகை முற்றிலும் பயனற்றதென்று பழைய குடியானவன் கருதவில்லை. அவ்வாறு அவன் கருதாமைக்குக் காரணமும் இருந்தது. அடுப்பின் மேலுள்ள பரணில் விறகு உலர்ந்தது. விதைநெல்லும் கருவாடும் பூச்சி அண்டாமல் இருந்தன. ஓலைக் கூரையைச் செல்லரிக்காமற் காத்ததும் அப்புகையே. மாரியில் நுளம்பை விரட்டியதும் அதுவே. வேறு வழி இல்லாதவனுக்குப் புகை ஒரு கருவியாக இருந்தது. அந்தக் கருவிக்குரிய விலையை அவன் மனைவியின் நுரையீரலும் குழந்தையின் நுரையீரலும் செலுத்தின என்பதே அவன் அறியாதது.

3

‘மலேரியா’ என்ற சொல்லுக்கு இத்தாலிய மொழியிற் ‘கெட்ட காற்று’ என்பது பொருள். சதுப்பு நிலத்திலிருந்து எழும் நச்சாவியே காய்ச்சலுக்குக் காரணம் என்று ஐரோப்பிய மருத்துவர் நெடுங்காலம் நம்பினர். 1897இல், செக்கந்தராபாத்தில், றொனால்ட் றொஸ் நுளம்பின் வயிற்றிலே மலேரியாக் கிருமியைக் கண்ட பின்னரே அந்நம்பிக்கை ஆட்டங்கண்டது. எனினும், தவறான அக்கொள்கை ஒரு நன்மையையும் செய்தது. காற்றைப் பற்றி அது ஆட்சியாளரைச் சிந்திக்க வைத்தது. 1858இல் யேர்மனிய விஞ்ஞானி மக்ஸ் வொன் பெற்றன்கோபர் அறைகளின் காற்றை அளந்து, மனிதர் விடும் மூச்சாலேயே அறைக்காற்று கெடுகின்றது என்பதை அளவுகளோடு காட்டினார். நோயாளி உள்ளே சுவாசிக்கும் காற்று, அவன் குளிரால் வருந்தாத அளவில், வெளிக்காற்றைப் போலத் தூய்மையாக இருக்கவேண்டும் என்பதே செவிலித்தொழிலின் முதல் விதி என்று புளோறன்ஸ் நைற்றிங்கேல் 1859இல் எழுதினார்.

இவ்வறிவு குடியேற்ற நாடுகளுக்கும் வந்தது. ஆனால் யாருக்காக வந்தது? உயர்ந்த முகடும், நாற்புறமும் விறாந்தையும், எதிரெதிரே திறக்கும் நெடிய யன்னல்களும் கொண்ட பங்களாக்கள் எழுந்தன. அவற்றிற் சமையலறை தனிக் கட்டடமாகப் பின்புறத்தே நிறுத்தப்பட்டது. புகை துரையின் மூக்கை எட்டக்கூடாது; அதனுள்ளே நின்றவனை எட்டலாம். முகட்டிலே தொங்கிய பங்காவைத் துரைக்குக் காற்று வர இழுத்தவன் வெளியே வெக்கையிற் குந்தியிருந்தான். காற்றையும் வர்க்க அடிப்படையிற் பங்கிட முடியும் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அதே ஆட்சி, அதே நூற்றாண்டில், மலைநாட்டுத் தோட்டங்களில் எங்கள் உழைக்கும் மக்களுக்கு என்ன வீடு கட்டிற்று? ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி கொண்ட லயக் காம்பரா. பெரும்பாலானவற்றிற்கு யன்னலும் இல்லை, புகைபோக்கியும் இல்லை. அதிலேயே படுக்கை, அதிலேயே பிள்ளைப்பேறு, அதிலேயோ அதன் சிறு திண்ணையிலேயோ அடுப்பு. சுத்தமான காற்றுப் பற்றிய விஞ்ஞானம் அப்போது தெரியாதிருந்தது என்று எவரும் சாக்குச் சொல்ல முடியாது. தெரிந்திருந்தது, துரை பங்களாவில் அது நடைமுறையிலும் இருந்தது. லயத்துக்கு மட்டும் அது செலவாகத் தோன்றிற்று.

1934-35ஆம் ஆண்டுகளிற் பரவிய மலேரியாக் கொள்ளைநோயில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். பஞ்சத்தாற் பலமிழந்த உடல்களையே அது கொள்ளை கொண்டது. ‘சூரியமல்’ இயக்கத்து இளைஞர்கள் கிராமங்களுக்குச் சென்று நிவாரணப் பணி புரிந்ததும், அவர்களுட் பலர் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்ததும் வாசகர் அறிந்தவை. பின்னர், 1940களின் நடுப்பகுதியிலிருந்து, அரசாங்கத்தின் ஊழியர் டி.டி.ரி. மருந்தைத் தோளிற் சுமந்து வீடு வீடாகச் சென்று உட்சுவர்களுக்கு விசிறினர். 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கு மட்டுமே மலேரியா காணப்பட்டது. கவனம் தளர்ந்ததும், அந்தத் தசாப்தத்தின் இறுதியில் நோய் மீண்டும் இலட்சக்கணக்கானோரைப் பற்றியது. நீண்ட முயற்சியின் பின் 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது.

இவ்வரலாற்றை நாம் இங்கு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. வீட்டின் உட்புறம் தனியார் விடயம், அதில் அரசு தலையிட இயலாது என்பர் சிலர். மலேரியா ஒழிப்பு அவ்வாதத்தைப் பொய்யாக்கிற்று. மக்கள் நலனுக்காக அரசு ஏழையின் கொட்டிலுக்குள்ளும் நுழைந்து சுவருக்கு மருந்தடித்தது, மக்கள் வரவேற்றனர். சுவர் வரை சென்ற அந்தக் கை, அதே அறையின் மூலையிற் புகைந்துகொண்டிருந்த அடுப்பு வரை நீளவில்லை.

4

இனி, ஒவ்வாமை பற்றிச் சிறிது நோக்குவோம். வகுப்பறையில் ஒவ்வோர் ஆண்டும் நாம் காணும் பிள்ளைகள் உண்டு. காலையில் அடுக்கடுக்காகத் தும்முவர், கண்ணைக் கசக்குவர், மாரி தொடங்கியதும் மூச்சு இரைந்து நெஞ்சு விசிலடிக்கப் பாடசாலைக்கு வராது நிற்பர். ஊரார் தொய்வு என்றும் முட்டு என்றும் சொல்வர். பரம்பரை என்று கூறி விட்டுவிடுவர். பரம்பரைக்கு இதிற் பங்குண்டு என்பது உண்மையே. ஆனால் முழுப் பங்கும் அதற்கில்லை.

‘அலர்ஜி’ என்ற சொல்லை 1906இல் ஆக்கியவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமன்ஸ் வொன் பிர்க்கே. பிறருக்குத் தீங்கு செய்யாத ஒரு பொருளை ஒருவரின் உடல் பகையெனக் கருதிப் போரிடுவதே ஒவ்வாமை. வீட்டுத் தூசி பலருக்கு ஒவ்வாதென்று மருத்துவர் நீண்டகாலமாக அறிந்திருந்தனர். தூசியில் எது ஒவ்வாதது என்பதே புதிராக இருந்தது. 1964இல், ஒல்லாந்தின் லைடன் நகரில், வூர்ஹொர்ஸ்ற், ஸ்பீக்ஸ்மா ஆகியோரும் அவர்தம் கூட்டாளரும் அப்புதிரை விடுவித்தனர். மெத்தையிலும் தலையணையிலும் மனிதத் தோலின் உதிர்வை உண்டு வாழும், கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணியே முதன்மைக் குற்றவாளி. அதன் கழிவு காய்ந்து பொடியாகிக் காற்றிற் கலந்து மூச்சுக்குழலை அடைகின்றது.

இவ்வுண்ணிக்கு ஈரக்காற்று இன்றியமையாதது. உலர்ந்த காற்றில் அது மடிந்துவிடும். இதனை எம் மாவட்டத்தின் பருவங்களோடு பொருத்திப் பார்க்க வேண்டும். திருகோணமலையின் ஆண்டு மழையிற் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையே பொழிகின்றது. வாடைக்காற்றுக் கடலின் ஈரத்தை ஏற்றி வந்து வீட்டுக்குள் நிறைக்கின்றது. ஒழுகும் கூரையின் கீழ் மெத்தை நமக்கின்றது. சுவரிற் பூஞ்சணம் பூக்கின்றது. நுளம்புக்கும் குளிருக்கும் அஞ்சி யன்னல் சாத்தப்படுகின்றது. நனைந்த விறகு கூடுதலாகப் புகைகின்றது. பின்னர் வைகாசி தொடக்கம் கச்சான் காற்று வீசும்போது தெருப் புழுதி முழுவதும் வீட்டுக்குள் வந்து சேர்கின்றது. இரு பருவங்களும் இருவகையில் ஒரே பிள்ளையைத் தாக்குகின்றன.

விறகுப் புகை தானே ஒவ்வாமையை உண்டாக்கும் பொருள் அன்று என்பதையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். உண்ணியின் கழிவு, கரப்பானின் எச்சம், பூஞ்சண வித்து, பூனையின் செதில் ஆகியவையே பெரும்பாலும் ஒவ்வாப் பொருள்கள். புகை செய்வது வேறு. அதன் நுண்துகளும் நச்சு வாயுக்களும் மூச்சுக்குழலின் உட்சவ்வைப் புண்படுத்தி வீங்கச் செய்கின்றன. புண்பட்ட இடத்தில் ஒவ்வாப் பொருள் சிறிதளவு பட்டாலும் குழல் இறுகிவிடுகின்றது. தூசி கல்லென்றால், அக்கல் புகை உண்டாக்கிய புண்ணின் மேலே விழுகின்றது. ஆதலின் ஒன்றை விடுத்து மற்றொன்றை மட்டும் அகற்ற முயல்வது அரைவைத்தியமாகும்.

நுளம்புத்திரியையும் இங்கே சேர்த்தெண்ண வேண்டும். யப்பானிய வணிகர் உவெயாமா எயிச்சிரோ பூச்சிகொல்லிப் பூவின் பொடியைக் குச்சியாக்கினார். அதைச் சுருளாக்கினால் இரவு முழுவதும் எரியும் என்ற எண்ணம் அவருடைய மனைவி யூக்கியினுடையது என்பர். அச்சுருள் ஆசியா முழுவதும் எளியவரின் காவலாயிற்று. ஆனால் 2003இல் வெளியான ஓர் ஆய்வு, சுருள் ஒன்று எரிந்து முடிகையில் வெளிப்படும் நுண்துகளின் அளவு 75 முதல் 137 வரையான சிகரெட்டுகளின் அளவுக்கு ஒப்பாகும் என்று அளந்து காட்டிற்று. தந்தை புகைபிடிப்பதைக் கண்டிக்கும் வீட்டிலே, தொட்டிலின் கீழ் அச்சுருள் எரிந்துகொண்டிருக்கின்றது!

5

அடுப்பைத் திருத்தும் முயற்சி எமது பிராந்தியத்துக்குப் புதியதன்று. வார்தாவின் மகன்வாடியிற் கிராமக் கைத்தொழில் ஊழியர் 1940களிலே ‘மகன் சூலா’ என்ற புகைகுறைந்த அடுப்பை உருவாக்கினர். ஐதராபாத்துப் பொறியியல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு, கோடிக்கணக்கானோரின் அடுக்களைகளைப் புகையற்றவையாக்குவது பற்றி எழுதிய நூல் 1953இற் சென்னையில் வெளியாயிற்று. களிமண்ணால் ஆன அடுப்பும் புகைபோக்கியுமே அவர்களின் கருவிகள். இலங்கையில் 1980களின் பிற்பகுதியில் ‘அநகி’ என்ற இரட்டைவாய் மண் அடுப்பு, குயவர்களுக்குப் பயிற்சி அளித்துப் பரப்பப்பட்டது. ஒரே நெருப்பில் இரு பானைகள் வேகும், விறகு மிச்சமாகும், புகையும் குறையும். எனினும் புகைபோக்கி இல்லாத இடத்திற் குறைந்த புகையும் வீட்டுக்குள்ளேயே தங்கும்.

இந்திய அரசு 1983இற் பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கி 2002 வரை நடத்தியது. கோடிக்கணக்கில் அடுப்புகள் கட்டப்பட்டன. ஆனால் அவற்றுள் ஏராளமானவை சில ஆண்டுகளிற் பழுதாகிக் கைவிடப்பட்டன. கட்டிய எண்ணிக்கையைக் கணக்கெழுதியவர்கள், எரிகின்ற எண்ணிக்கையை எண்ணவில்லை. சமைக்கும் பெண்ணின் பானை எத்தகையது, அவள் விறகு எத்தகையது என்று அவளிடம் கேட்காமலே தீட்டப்பட்ட திட்டத்துக்கு அதுவே முடிவாகும்.

இதே காலத்தில் அறிவியலும் முன்னேறிற்று. 1981இற் கேர்க் சிமித் என்ற அமெரிக்க ஆய்வாளரும் இந்திய ஆய்வாளரும் குசராத்துக் கிராமங்களுக்குச் சென்று, சமைக்கும் பெண்களின் உடலிலேயே கருவியைப் பொருத்தி அவர்கள் சுவாசிக்கும் புகையை அளந்தனர். பெருநகரத் தெருக்களின் அழுக்குக் காற்றினும் பன்மடங்கு கெட்ட காற்றை ஏழைப் பெண் தன் அடுப்படியிற் சுவாசிக்கின்றாள் என்பது அப்போது எண்களில் வெளிப்பட்டது. வீட்டுக்காற்று மாசினால் 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டனர் என்றும், அவர்களுள் 2,37,000க்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

பணக்கார நாடு ஒன்று இதே சிக்கலை எவ்வாறு தீர்த்தது என்பதும் அறியத்தக்கது. 1952 டிசம்பரில் இலண்டனை மூடிய புகைமூட்டத்தில் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர் என்பது அன்றைய கணக்கு. பின்வந்த ஆய்வாளர் அதனிலும் மிகுதி என்பர். வீட்டுக் கணப்புகளில் எரிந்த நிலக்கரி அதற்குப் பெருங்காரணம். 1956இற் காற்றுத் தூய்மைச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டம் வீட்டுக்காரனை நோக்கி ‘உன் அடுப்பை மாற்று’ என்று உபதேசித்து நிற்கவில்லை. புகையற்ற வலயங்களை வகுத்து, அங்கே கணப்பை மாற்றும் செலவின் பெரும்பகுதியைப் பொதுப்பணத்திலிருந்து கொடுத்தது. நகரத்தார் ஒருவருக்கொருவர் கொடுக்கும் காற்று பொதுச்சொத்து என்பதை ஏற்றுக்கொண்டதாலேயே அது இயன்றது.

ஆயினும் அடுப்பு ஒன்றை மாற்றினால் எல்லாம் தீரும் என்று நாம் நம்பிவிடலாகாது. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகியவற்றோடு தமிழ்நாட்டின் நாகபட்டினம், விழுப்புரம் மாவட்டங்களிலும் அண்மையில் ஒரு பெரும் ஆய்வு நடத்தப்பட்டது. கருவுற்ற பெண்களுக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாக வழங்கப்பட்டன. அவர்கள் சுவாசித்த நுண்துகள் பெரிதும் குறைந்தது. ஆனால், பிறந்த குழந்தைகளின் எடையில் எதிர்பார்த்த வேறுபாடு காணப்படவில்லை என்று 2022இல் வெளியான முடிவு கூறிற்று. இம்முடிவு புகையைக் குற்றமற்றதாக்கிவிடவில்லை. உணவும் உறைவிடமும் தெருவின் காற்றும் தாயின் முந்தைய வாழ்வும் ஒருங்கே மாறாதவிடத்து, ஒரு கருவியின் ஆற்றல் எல்லைக்குட்பட்டது என்பதையே நாம் இதிலிருந்து கற்கவேண்டும்.

6

மீண்டும் துறைமுகத்துக்கு வருவோம். சீனன்குடாவை அடுத்த காட்டினுள் 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. 1920களிலும் 1930களிலும் பிரித்தானியக் கடற்படை தன் கப்பல்களுக்கு எரிபொருள் சேமிக்கக் கட்டியவை அவை. 1957இற் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. தாங்கிகளை யார் ஆள்வது என்பது பற்றி அரசுகள் பல தசாப்தங்கள் பேசின. 2022 ஜனவரியில் அவற்றை இலங்கை, இந்திய நிறுவனங்களுக்கிடையே பங்கிடும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதே ஆண்டில் நாட்டில் நிகழ்ந்தது என்ன? 2021 ஒக்டோபருக்கு முன் ஏறத்தாழ 1,500 ரூபாவுக்கு விற்ற 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,800 ரூபாவைத் தாண்டிற்று. அவ்விலைக்கும் அது கிடைக்கவில்லை. வெற்றுச் சிலிண்டர்கள் தெருவோரத்தில் வரிசையாகச் சங்கிலியிடப்பட்டுக் கிடந்தன. எரிவாயுவுக்கு மாறியிருந்த குடும்பங்கள் மீண்டும் விறகைத் தேடின. புகைபோக்கி இல்லாமற் கட்டப்பட்ட புதிய வீடுகளின் உள்ளே மீண்டும் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டப்பட்டது. ஆசியாவின் பெரும் எண்ணெய்க் களஞ்சியங்களுள் ஒன்றின் நிழலில் வாழும் பெண், ஈரவிறகை ஊதிக்கொண்டிருந்தாள்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் நான்கில் மூன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் விறகிலேயே சமைத்தன. ஆகவே விறகடுப்பை நாகரிகமின்மை என்று பழித்து நகர்வது மக்களை மறப்பதாகும். விறகோடு வாழ்வோரின் அடுக்களையையே முதலிற் சீராக்க வேண்டும்.

கூரையின் கதையும் இத்தகையதே. கிடுகின் இடத்தைத் தகரமும் அஸ்பெஸ்டஸ் சீற்றும் பிடித்தன. அஸ்பெஸ்டஸ் நார் ஒவ்வாமை தருவதன்று; அது நுரையீரற் புற்றுநோய் தருவது. உடைக்கும்போதும் அறுக்கும்போதும் அதன் நார் காற்றிற் பறக்கின்றது. 2018 ஜனவரி முதல் அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இலங்கை அரசு தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில், ஒரு வண்டு காணப்பட்டதென்று காட்டி, அஸ்பெஸ்டசைப் பெருமளவில் ஏற்றுமதி செய்யும் ருசியா இலங்கைத் தேயிலைக்குத் தற்காலிகத் தடை விதித்தது. சில நாள்களிலேயே அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. தேயிலைத் தடையும் நீங்கிற்று. ஏழையின் கூரைக்குக் கீழே என்ன காற்று இருக்கவேண்டும் என்பது எங்கோ தொலைவிலுள்ள சந்தையிலே பேரம் பேசப்படுகின்றது.

சம்பூரையும் நாம் மறக்கலாகாது. 2006இற் போரினால் அங்கிருந்து விரட்டப்பட்ட மக்கள் ஏறத்தாழப் பத்தாண்டுகள் கிளிவெட்டி முதலிய இடங்களிலுள்ள முகாம்களில் வாழ்ந்தனர். படுக்கையும் சமையலும் ஓரிடமாகும் முகாம் வாழ்வில் தனி அடுக்களை என்பது ஒரு கனவாகும். அவர்களுடைய நிலத்திலேயே நிலக்கரி மின்னிலையம் ஒன்று திட்டமிடப்பட்டது. மக்கள் எதிர்த்தனர், 2016இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. காற்றுக்காக மக்கள் ஒன்றுபட்டு நின்றால் வெல்லமுடியும் என்பதற்கு எம் மாவட்டமே தந்த சான்று இது.

7

வீட்டளவிற் செய்யத்தக்கவை சில உண்டு. அவற்றைப் பெற்றோருக்கும் மாணவருக்கும் எடுத்துரைப்பது ஆசிரியராகிய எமது கடமை. அடுப்பைப் படுக்கையறையிலிருந்து பிரிப்பது முதலாவது. ஒரு கிடுகுத் தாழ்வாரமேனும் போதும். அடுப்புக்கு மேலே, சுவரின் உச்சியிற் புகை வெளியேற வழியும், தாழ்வில் எதிர்ப்புறத்தே காற்று நுழைய வழியும் வேண்டும். சூடான புகை மேலெழுவது இயற்கை விதி. விறகை மாரிக்கு முன்பே பிளந்து உலர்த்த வேண்டும். பானையை மூடிச் சமைக்க வேண்டும். சமைக்கும்போது கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருத்தலாகாது. ஆகவே அவ்வேளை குழந்தையை ஏந்துதல் தந்தையின் வேலை. நுளம்புத்திரிக்குப் பதில் நுளம்புவலை. மெத்தையையும் தலையணையையும் வாரந்தோறும் கடும் வெயிலிற் காயவிட வேண்டும். விரிப்புகளை 55 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெந்நீரில் துவைத்தல் உண்ணியைக் கொல்லும். உலர்ந்த தும்புத்தடியாற் புழுதி கிளப்புவதை விட ஈரத்துணியால் துடைப்பது நன்று. தொய்வுள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் சாம்பிராணியும் குப்பி விளக்கும் சிகரெட்டும் உள்ளே புகையலாகாது. கூரை ஒழுக்கை வாடை தொடங்குமுன் அடைக்க வேண்டும். மருத்துவர் கொடுத்த உறிஞ்சு மருந்தை ‘பழக்கமாகிவிடும்’ என்று அஞ்சி நிறுத்தலாகாது.

காற்றைச் சுத்திகரிக்கும் மின்கருவிகள் இன்று விளம்பரப்படுத்தப்படுகின்றன. சாத்திய அறையில் அவை ஓரளவு பயன்தரும். ஆனால் எப்போதும் திறந்தே கிடக்கும் எம் கடலோர வீடுகளுக்கும், அவற்றின் விலைக்கு ஈடான மாதக்கூலியைக் கண்டிராத மீனவக் குடும்பத்துக்கும் அவை எவ்விதத்திலும் விடையாகா.

மேற்கூறியவற்றுட் பலவற்றைச் செய்யவும் ஒரு குடும்பத்துக்குச் சிறிது நிலமும், சிறிது பணமும், சிறிது ஓய்வும் தேவை. அவை இல்லாதவரிடம் சுகாதார உபதேசம் செய்வது, மீண்டும் அப்பெண்ணின் தலையிலேயே இன்னொரு சுமையை ஏற்றுவதாகும். அரசும் நிறுவனங்களும் கட்டிக் கொடுக்கும் ஒவ்வொரு வீட்டு வரைபடத்திலும் புகைபோக்கியுடன் கூடிய தனி அடுக்களை இடம்பெற வேண்டும் என்று நாம் கேட்கவேண்டும். நல்ல அடுப்பைக் கட்டுவதற்கும், ஆண்டுதோறும் பழுது பார்ப்பதற்கும் உள்ளூராட்சி மன்றங்கள் பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்கவேண்டும். எரிவாயுவின் விலை சந்தையின் விருப்பத்துக்கு மட்டும் விடப்படலாகாது என்று கேட்கவேண்டும். கேட்பதற்கு முன் அறியவேண்டும். எம் மாணவர் தத்தம் ஊரில் வீடு வீடாகச் சென்று, அடுப்பு எங்கே, யன்னல் எத்தனை, மூச்சிரைப்புள்ளோர் எத்தனை பேர் என்று ஒரு குறிப்பேட்டிற் பதியட்டும். நொக்ஸ் என்ற அந்நியக் கைதி 17ஆம் நூற்றாண்டில் எம் மண்ணின் கூரைகளை அண்ணாந்து பார்த்து எழுதி வைத்தான். எம் பிள்ளைகள் தம் சொந்தக் கூரைகளை அண்ணாந்து பார்த்து எழுதவேண்டிய காலம் இது. அக்குறிப்பேடுகள் பிரதேச சபையின் மேசைக்குச் செல்லட்டும்.